மட்கும் மரம் ஒன்று வெளுத்து நாராகிறது, இன்னொன்று பழுப்பாகப் பொடிகிறது. ஏன்?

மரக்கட்டை ஒரு காங்கிரீட் தூண் மாதிரி. உள்ளே கம்பியாக நிற்பது செல்லுலோஸ். அதைச் சுற்றி சிமெண்டாக இறுகிப் பிடித்திருப்பது லிக்னின்.

வெண் அழுகல் பூஞ்சைகள் அந்த லிக்னினையே நொதிகளால் உடைப்பவை. உயிருலகில் இது மிக அரிய திறமை. லிக்னின் கரைந்ததும் கட்டை வெளுத்து, நார்நாராகப் பிரிகிறது.

பழுப்பு அழுகல் பூஞ்சைகள் செல்லுலோஸைத் தின்று, லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. நொதி நுழைய முடியாத நுண்ணிய இடுக்குகளில், இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வினைபுரிந்து இழைகளை அறுக்கின்றன. கம்பியை உருவிய தூண் என்ன ஆகும்? கட்டை குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, சின்னச் சின்னக் கட்டங்களாகிறது. ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள், பொடியாகிவிடும்.

பழுப்பு வகை வடக்கின் ஊசியிலைக் காடுகளில் மிகுதி. அகன்ற இலை மரங்களில் வெண் வகையே மேலோங்குகிறது.

ஆனால் நிறத்தை வைத்துக் குடும்பம் பிரிக்க முடியாது. வெண் அழுகல் மூதாதைகளிடமிருந்து பழுப்பு வகை பலமுறை, தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

இரண்டுக்கும் ஈரம் வேண்டும். கட்டையின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அழுகல் தொடங்குவதில்லை.