பேனாவும் கறுப்புக் கோட்டும்!

'வேலைக்கு அமர்த்தப்பட்ட, 12 வயது சிறுவன் மீட்பு' என்பது போன்ற செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதில் சிறுவனின் பெயர், பள்ளி, வீட்டு முகவரி, படம் எதுவும் இருக்காது. நிருபர் மறந்து விட்டாரா?

இல்லவே இல்லை! 2015ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி, அவற்றை வெளியிடுவது குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கலாம். நாளை அவன் பள்ளிக்குப் போகும்போது, 'இவன் தானே அவன்' என்று யாரும் கை நீட்டிப் பேசக்கூடாது அல்லவா!

செய்தியும் தெரிந்து, சட்டமும் தெரிந்தவர்களுக்கு இப்படி நிறைய வேலை இருக்கிறது. எப்படிப் படிப்பது?

பிளஸ் 2 முடித்து, இதழியல் அல்லது காட்சித் தொடர்பியல் 3 ஆண்டு. பின், சட்டம் 3 ஆண்டு. பிளஸ் 2 முடித்ததும், நேராக 5 ஆண்டு சட்டப் படிப்பிலும் சேரலாம். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர, 'கிளாட்' என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

படித்தபின் என்ன ஆகலாம்?

* கோர்ட் நிருபர்: பல பக்கத் தீர்ப்பை, நம் பாட்டிக்கும் புரியும்படி பத்து வரியில் எழுதுபவர். ஒரு சொல் மாறினால், அர்த்தமே மாறிவிடும்!

* ஊடகச் சட்ட ஆலோசகர்: செய்தியோ, நிகழ்ச்சியோ வெளியாகும் முன், 'இதில் அவதூறு இருக்கிறதா, ஆதாரம் உண்டா' என்று பார்ப்பவர்.

* காப்புரிமை வழக்கறிஞர்: ஒரு கதை, அதை எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவரது குடும்பத்துக்கு உரிமையாக இருக்கும். கேட்காமல் சினிமா எடுத்தால், இவர் தான் வழக்காடுவார்.

* மக்கள் தொடர்பு அதிகாரி: புதிய சட்டம், திட்டங்களை எளிய தமிழில் மக்களிடம் கொண்டு செல்பவர்.

ஒன்றை நினைவில் வையுங்கள். கோர்ட்டில் வாதாட, பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். அப்படிப் பதிவு செய்தவர், முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது. அதனால், நிருபரா, வழக்கறிஞரா என்று ஒருநாள் முடிவெடுத்தே ஆகவேண்டும்!

இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, ஒரு நிஜக் கதை...

ஸ்வப்னில் திரிபாதி என்பவர், அப்போது சட்டக் கல்லூரி மாணவராக இருந்தார். சில நாட்களில், பயிற்சி மாணவர்களை சுப்ரீம் கோர்ட் அறைக்குள் அனுமதிக்கவில்லை. 'நாட்டையே பாதிக்கும் வழக்குகளை, மக்கள் எல்லாரும் பார்க்க வேண்டாமா' என்று நினைத்தார். நேரலையாக ஒளிபரப்பக் கோரி, அதே கோர்ட்டில் மனு போட்டார்.

'மக்களுக்குப் பார்க்கும் உரிமை உண்டு' என்று, 2018 செப்டம்பர், 26ல் தீர்ப்பு வந்தது. 2022 செப்டம்பர், 27 முதல், அரசியல் சாசன அமர்வின் விசாரணைகளை, வீட்டில் இருந்தே பார்க்க முடிந்தது. ஒரு மாணவர் தட்டிய கதவு, ஊருக்கே திறந்து விட்டது!

உங்களுக்கும் ஆசையா? இன்றே பழகலாம். வகுப்பில் இரண்டு பேர் சண்டை போட்டால், இருவர் சொல்வதையும் கேளுங்கள். யார் பக்கமும் சாயாமல், ஐந்து வரியில் எழுதுங்கள். இருவரும் படித்துவிட்டு, 'ஆமாம், இதுதான் நடந்தது' என்று சொன்னால், பாதிக் கிணறு தாண்டி விட்டீர்கள்!