சைக்காலஜி என்றால் என்ன? ஊட்டிக்கு வந்த ஒரு டாக்டர் கதையோடு ஓர் எளிய விளக்கம்

"சைக்காலஜி படிக்கிறியா? அப்போ என் மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லு பார்ப்போம்!"

உளவியல் மாணவர்கள் ஒருமுறையாவது எதிர்கொண்டிருக்கும் கேள்வி இது. "அதெல்லாம் ஜோசியம், நாங்க படிக்கிறது வேற" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். சரி, அப்படியென்றால் உளவியல் என்பதுதான் என்ன?

இந்தக் கேள்விக்கான பதில் கடந்த 150 ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. அதில் சில மாற்றங்களை ஒரே மனிதரின் வாழ்க்கையிலேயே பார்க்க முடியும். அவர் பெயர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். 1901-02 காலகட்டத்தில் நீலகிரிக்கு வந்து, தோடர் மக்களிடையே ஆய்வு செய்த ஆங்கிலேய டாக்டர்.

ஆன்மாவில் இருந்து ஆய்வகத்துக்கு

'சைக்கீ' என்ற கிரேக்கச் சொல்லுக்கு உயிர், ஆன்மா என்று பொருள். அதனால் ஆரம்பத்தில் சைக்காலஜி என்றால் ஆன்மாவைப் பற்றிய படிப்பு. தத்துவத்தின் ஒரு கிளை. தமிழிலும் 'மனோதத்துவம்' என்ற சொல்தான் நீண்டகாலம் புழக்கத்தில் இருந்தது. அந்தச் சொல்லிலேயே தத்துவம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்கலாம். 'உளவியல்' என்ற சொல் பிறகுதான் பரவலானது.

1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென்றே ஓர் ஆய்வகம் தொடங்கினார். ஒரு ஒலியைக் கேட்டதும் மனிதர் எத்தனை நேரத்தில் பதில் வினை செய்கிறார், அப்போது அவருக்கு உள்ளே என்ன தோன்றுகிறது என்றெல்லாம் அங்கே பதிவு செய்தார்கள். உளவியல் 'நனவு நிலையின் அறிவியல்' ஆனது. 1890-ல் அமெரிக்காவின் வில்லியம் ஜேம்ஸ் அதை 'மன வாழ்வின் அறிவியல்' என்றார்.

நீலகிரியில் நடந்த சோதனை

இந்தப் புதிய அறிவியலின் கருவிகளோடுதான் ரிவர்ஸ் நீலகிரிக்கு வந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உளவியல் சோதனைகளைக் கற்பித்தவர் அவர். 1901-ல் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தைத் தொடங்கிய பத்துப் பேரில் ஒருவர்.

அப்போது தோடர்களின் மொத்த எண்ணிக்கையே சுமார் 800-தான். அவர்களின் பார்வைக் கூர்மை, நிறங்களைப் பிரித்தறியும் திறன், வாசனை, சுவை, வலி உணர்வு என ஒவ்வொன்றாகச் சோதித்தார் ரிவர்ஸ். முடிவுகள் 1905-ல் பிரிட்டிஷ் உளவியல் ஆய்விதழில் வெளிவந்தன.

எதற்காக இந்தச் சோதனை? ஐரோப்பாவில் அன்று ஒரு நம்பிக்கை இருந்தது. 'பழங்குடி மக்களுக்குக் கண், காது எல்லாம் ரொம்பக் கூர்மை. ஆனால் சக்தியெல்லாம் அதிலேயே செலவாகிவிடுவதால் சிந்தனைக்கு மிச்சமில்லை' என்பது அது. ரிவர்ஸின் ஆய்வுகள் இந்த நம்பிக்கைக்கு வலு சேர்க்கவில்லை. அடிப்படைப் புலன் திறனில் மனிதர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை என்ற பக்கமே அவை சாய்ந்தன.

கண்ணை ஏமாற்றும் கோடுகள்

இன்ஸ்டாகிராமில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கி மடங்கியிருக்கும். மற்றொன்றில் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். விரிந்திருப்பதுதான் நீளமாகத் தெரியும். இதற்கு முல்லர்-லையர் மாயத்தோற்றம் என்று பெயர்.

இதில் ஆங்கிலேயர்கள் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் ஏமாறவில்லை! ஆனால், செங்குத்துக் கோடு படுக்கைக் கோட்டைவிட நீளமாகத் தெரியும் இன்னொரு சோதனையில் தோடர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள். அதாவது, இது 'யார் புத்திசாலி' என்ற விஷயமே இல்லை.

பிறகு என்னதான் காரணம்? செகல், கேம்ப்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1966-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். சதுரமான அறைகள், நேர்கோட்டு மூலைகள் நடுவே வளர்பவர்களின் கண் அதற்கேற்பப் பழகிவிடுகிறது என்பது அவர்கள் கருத்து. தோடர்களின் பாரம்பரிய வீட்டுக்கோ வளைந்த கூரை. இந்த விளக்கம் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒன்று தெளிவானது: மேற்கத்திய நாட்டு மாணவர்களை மட்டும் சோதித்துவிட்டு 'மனித மனம் இப்படித்தான்' என்று எழுதிவிட முடியாது.

கருவிகளில் சிக்காத பயம்

ரிவர்ஸ் சோதனைகளோடு நிற்கவில்லை. தோடர்களின் வம்சாவளி, புனிதமான பால் கோயில்களின் சடங்குகள் எனத் துருவித் துருவிக் கேட்டார். சிலர் வெளியே சொல்லக்கூடாத விஷயங்களையும் சொன்னார்கள். சிறிது காலத்தில் அப்படி உதவியவர்களின் குடும்பங்களில் அடுத்தடுத்து துயரங்கள் நடந்தன. 'ரகசியத்தை வெளியாளிடம் சொன்னதால் வந்த தெய்வக் கோபம்' என்றே தோடர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். பலர் பேசுவதை நிறுத்தினார்கள்.

இதை மறைக்காமல் தன் 1906-ம் ஆண்டுப் புத்தகத்தில் ரிவர்ஸே எழுதியிருக்கிறார். வலியையும் வாசனையையும் சோதித்த கருவிகளில் அந்த மக்களின் பயம் பதிவாகவே இல்லை. அன்றைய உளவியலின் விளக்கத்தில் அதற்கு இடமும் இல்லை. இன்று ஓர் உளவியல் ஆய்வில் பங்கேற்பவரிடம் எல்லாவற்றையும் விளக்கி முன்சம்மதம் பெற வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை அவருக்கு உண்டு.

"அதையெல்லாம் மறந்துடு"

இதற்கிடையே, 1913-ல் அமெரிக்காவில் ஜான் வாட்சன் ஒரு குண்டு போட்டார். 'மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதை யாரும் பார்க்க முடியாது. வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்வோம்' என்பது அவர் வாதம். உளவியல் 'நடத்தையின் அறிவியல்' ஆனது.

அடுத்த ஆண்டே முதல் உலகப் போர். உடலில் காயமே இல்லாத வீரர்கள் நடுங்கினார்கள், சிலருக்குப் பேச்சு நின்றது, தூக்கத்தில் அலறினார்கள். 'கோழைகள்' என்று பட்டம் கட்டப்பட்டார்கள். கோழைத்தனம், படையைவிட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற 306 வீரர்களுக்கு 2006-ல்தான் மன்னிப்பு கிடைத்தது.

ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் இப்படிப்பட்ட அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஊட்டிக்கு வந்த அதே ரிவர்ஸ். 'நடந்ததை மறந்துடு, வேற எதையாவது நினை' என்பதுதான் அன்று பலரும் சொன்ன அறிவுரை. அது நோயை இன்னும் மோசமாக்குகிறது என்று 1917-ல் ரிவர்ஸ் வாதிட்டார். நினைவுகளைப் பற்றிப் பேச வைத்தபோது பலரின் நிலை தேறியது. கவிஞர் சீக்ஃபிரிட் சசூன் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர்.

இன்றைய விளக்கம் என்ன?

1950-60களில் நினைவாற்றல், கவனம், மொழி பற்றிய ஆய்வுகள் மனதை மறுபடி உளவியலுக்குள் கொண்டுவந்தன. இன்று பாடப்புத்தகங்கள் சொல்லும் விளக்கம்: 'மனம், நடத்தை ஆகியவற்றைப் பற்றிய அறிவியல்'.

இது தேர்வுக்கு மட்டுமான வரி இல்லை. விளக்கம் மாறும்போது, யாருடைய வேதனை 'நிஜம்' என்பதும் மாறுகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்த்த நம் நாட்டில், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம்.

ஆனாலும் வீட்டில், ஆபீஸில் "இதெல்லாம் ஒரு விஷயமா, மறந்துட்டு வேலையைப் பாரு" என்று இன்னும் கேட்கத்தான் செய்கிறது. ரிவர்ஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தவறு என்று சொன்ன அதே மருந்துச் சீட்டு!

உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ மனம்விட்டுப் பேச ஆள் தேவைப்பட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.