ஏழாம் வகுப்புக்குப் பின் எந்தப் பள்ளி? ஏலமலைத் தமிழ்க் குழந்தைகள் நிற்கும் எல்லை

வண்டன்மேடு (இடுக்கி): கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் ஏலமலைப் பகுதியில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த தமிழ்க் குழந்தைகளின் கல்விப் பாதை பெரும்பாலும் நடுநிலை வகுப்புகளில்தான் தீர்மானமாகிறது. தமிழ் வழியிலேயே தொடர்வதா, மலையாள அல்லது ஆங்கில வழிக்கு மாறுவதா, மலையிறங்கிக் கம்பம், போடி பள்ளிகளில் சேர்வதா என்ற கேள்விக்கு 5 முதல் 7ஆம் வகுப்புக்குள் குடும்பங்கள் விடை தேட வேண்டியிருக்கிறது.

ஏலக்காய் வர்த்தகத்தால் நாடறிந்த ஊர் வண்டன்மேடு. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் அருகிலுள்ள புற்றடியில் இயங்குகிறது. கம்பம்மெட்டு வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நாள்தோறும் ஜீப்களில் ஏறி வந்து மாலையில் திரும்பும் தொழிலாளர்கள் ஒரு பகுதியினர். தோட்டத்து லயன் வீடுகளிலும் சிறு குடியிருப்புகளிலும் தலைமுறைகளாகத் தங்கிவிட்டவர்கள் மற்றொரு பகுதியினர். இங்குள்ள அரசுப் பள்ளிகளில் தமிழ் கேட்பதற்கு இந்த இரண்டாம் பகுதியினரே முக்கியக் காரணம்.

தோட்டப் பள்ளியும் அரசுப் பள்ளியும்

தேயிலை மலையான மூணாறுக்கும் ஏலமலைக்கும் கல்வி வரலாற்றில் ஒரு வேறுபாடு உண்டு. தேயிலையில் பெரிய நிறுவனங்கள் இருந்தன. தொழிலாளர்கள் ஒரே இடத்தில் பெருந்திரளாகக் குடியமர்த்தப்பட்டனர். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் 6 முதல் 12 வயது வரையிலான தொழிலாளர் குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், அவர்களுக்குக் கல்வி வசதி செய்து தருமாறு முதலாளியைக் கட்டாயப்படுத்தும் விதிகளை மாநில அரசு வகுக்கலாம் என்றது. தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா ஆகியவையே அச்சட்டத்தின் தொடக்க வரையறையில் இருந்தன. ஏலக்காய் 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே அந்த வரையறைக்குள் வந்தது. 5 ஹெக்டேர் பரப்பு, 15 தொழிலாளர்கள் என்ற வரம்பும் அதோடு சேர்ந்தது.

ஏலத்தோட்டங்களில் பல சிறியவை. 25 குழந்தைகள் என்ற கணக்கை ஒரு தோட்டம் தனியாக எட்டுவது அரிது. பல தோட்டங்களின் குழந்தைகள் ஒரே பள்ளிக்குச் செல்லும் சூழலில், பொறுப்பு இயல்பாகவே அரசிடமும் அரசு உதவி பெறும் நிர்வாகங்களிடமும் வந்து சேர்ந்தது. ஏலமலையில் பொதுப் பள்ளி மூடப்பட்டால், அதற்கு மாற்றாகத் தோட்ட நிர்வாகத்தின் பள்ளி இருக்கும் என்று எதிர்பார்க்க இயலாததன் காரணம் இதுவே.

1956க்குப் பின்

மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் 1 அன்று, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்திலேயே நீடித்தன. அதற்குச் சற்று முன்பு, பட்டம் தாணு பிள்ளை முதல்வராக இருந்த 1954-55 காலத்தில் தொடங்கப்பட்ட மலைக் குடியேற்றத் திட்டம், சமவெளி மலையாள விவசாயிகளை உயர்மலைப் பகுதிகளுக்குக் கொண்டுவந்தது. 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி தனி மாவட்டமானபோது, தமிழும் மலையாளமும் அருகருகே பேசப்படும் மலையாக இது மாறியிருந்தது.

பாலக்காட்டின் கதை வேறு. சித்தூர் வட்டம் பழைய கொச்சியிலும், பாலக்காடு நகரம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும் இருந்தவை. எனினும் இன்று இரு மாவட்டத் தமிழ்க் குழந்தைகளுக்கும் பொருந்தும் விதி ஒன்றே. 1956ஆம் ஆண்டின் ஏழாவது அரசியல் சட்டத் திருத்தம் சேர்த்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. கேரளம் தமிழிலும் கன்னடத்திலும் பாடநூல்களை வெளியிடுகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வையும் தமிழில் எழுதலாம்.

ஆனால் அந்தப் பிரிவின் சொல் ‘தொடக்க நிலை’ என்பதோடு நின்றுவிடுகிறது. நடுநிலை வகுப்புகளில் சிக்கல் தொடங்குவது இதனால்தான் என்று கொள்ளலாம்.

ஒரே பெயர், வேறு வகுப்புகள்

தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி என்றால் 8ஆம் வகுப்பு வரை. கேரளத்தில் 1 முதல் 4 வரை கீழ்த் தொடக்க நிலை. 5 முதல் 7 வரை மேல் தொடக்க நிலை, பேச்சு வழக்கில் யு.பி. பள்ளி. 8ஆம் வகுப்பு உயர்நிலைப் பள்ளியில் தொடங்குகிறது. கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5, 6 முதல் 8 என்ற பகுப்பைக் கொண்டிருந்தாலும் கேரளம் தன் பழைய அமைப்பை விடவில்லை.

ஏட்டளவில் சிறியதாகத் தோன்றும் இந்த வேறுபாடு எல்லையில் பெரிதாகிறது. வண்டன்மேட்டில் 7ஆம் வகுப்பு முடித்த குழந்தை கம்பத்தில் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தால், அங்கு ஓராண்டு மட்டுமே படித்துவிட்டு 9ஆம் வகுப்புக்கு மீண்டும் பள்ளி மாற வேண்டும். இரண்டே ஆண்டுகளில் இரண்டு புதிய பள்ளிகள். எதிர்த்திசையில், கம்பத்திலிருந்து 6ஆம் வகுப்புக்கு மலையேறும் குழந்தை, கேரள மாணவர்கள் 5ஆம் வகுப்பிலேயே தொடங்கிவிட்ட இந்தியை முதன்முறையாகச் சந்திக்கிறது, மலையாளமும் புதிது.

இரு மாநிலங்களின் மொழிச் சட்டங்களும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிரே நிற்கின்றன. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், தமிழ்நாட்டில் 10ஆம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. 2017ஆம் ஆண்டின் மலையாள மொழி கற்றல் சட்டம், கேரளப் பள்ளிகளில் 10ஆம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது; அப்போது காசர்கோடு கன்னடர்களிடையே எதிர்ப்பு எழுந்தது. ஒவ்வொரு சட்டமும் தன் மாநிலத்துக்குள் நியாயமானதே. வேலையைத் தொடர்ந்து மலையேறி இறங்கும் குடும்பத்தின் குழந்தைக்கோ இரண்டும் சேர்ந்தே சுமையாகின்றன. மலையாள வழியில் 7ஆம் வகுப்பு வரை படித்த தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழ் பேசும். கம்பம் பள்ளியின் தமிழ்த் தேர்வுக்கு அந்தப் பேச்சு போதாது.

ஆறாவது வேலை நாள்

பள்ளி நீடிப்பதைத் தீர்மானிப்பது மாணவர் எண்ணிக்கை. கேரளத்தில் கல்வியாண்டு தொடங்கிய ஆறாவது வேலை நாளில் பதிவேட்டில் உள்ளோர் கணக்கைக் கொண்டே அந்த ஆண்டின் ஆசிரியர் பணியிடங்கள் கணக்கிடப்படுகின்றன. கோடை விடுமுறைக்குச் சொந்த ஊருக்கு இறங்கிய குடும்பம் ஜூன் பிற்பகுதியில் திரும்பினால், குழந்தை வகுப்பில் இருக்கும், கணக்கில் இராது.

நடுநிலை வகுப்புகளில் இந்த இழப்பு கூடுதலாக உறைக்கும். 35 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தோடு, அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழிகள் ஆகியவற்றுக்குத் தலா ஓர் ஆசிரியராவது வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். தமிழ் வழிப் பள்ளியில் அந்த ஆசிரியர்கள் தமிழில் கற்பிக்கக் கூடியவர்களாகவும் இருக்க வேண்டும். தமிழ் வழி ஆசிரியர்களைக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் தனிப் பிரிவாக மாவட்ட வாரியாகத் தேர்வு செய்கிறது. ஓர் இடம் காலியானால் அருகிலுள்ள மலையாள வழிப் பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்பி ஈடுசெய்ய முடியாது. கணிதப் பாடம் சில மாதங்கள் நின்றால், வசதியுள்ள பெற்றோர் அடுத்த ஜூனில் ஆங்கில வழிப் பள்ளியைத் தேடுகின்றனர். எண்ணிக்கை மேலும் குறைகிறது, பணியிடமும் குறைகிறது.

அண்மைக் காலத்தில் ஜார்க்கண்ட், அசாம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலத் தொழிலாளர்களும் ஏலத்தோட்டங்களுக்கு வந்துள்ளனர். அவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழும் மலையாளமும் ஒருசேரப் புதியவை. இத்தகைய குழந்தைகளுக்காக எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017இல் ‘ரோஷ்ணி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, அவர்களின் தாய்மொழி அறிந்த தன்னார்வலர்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது.

பள்ளி மாறும் குடும்பங்கள் அறிய வேண்டியவை

மாநிலம் விட்டு மாநிலம் மாறினாலும் குழந்தையின் உரிமை மாறுவதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, எந்தக் காரணத்துக்காகவும் வேறு மாநில அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் குழந்தைக்குத் தலைமை ஆசிரியர் உடனடியாக மாற்றுச் சான்றிதழ் வழங்க வேண்டும். சான்றிதழ் தாமதமானது என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. இடையில் படிப்பை விட்ட குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்கு இணையாக வரச் சிறப்புப் பயிற்சி அளிக்க 4ஆம் பிரிவு வகை செய்கிறது. புதிய மொழியையும் இந்தப் பயிற்சியில் சேர்த்துக் கற்பிக்குமாறு பெற்றோர் கேட்கலாம்.

7ஆம் வகுப்பு முடிக்கும் குழந்தையைக் கம்பத்துக்கு அனுப்ப நினைக்கும் குடும்பம், 8ஆம் வகுப்புடன் முடியும் நடுநிலைப் பள்ளிக்குப் பதிலாக 6ஆம் வகுப்பிலிருந்தே நடக்கும் உயர்நிலை அல்லது மேல்நிலைப் பள்ளியில் நேரடியாக 8ஆம் வகுப்பு இடம் கேட்பது ஒரு மாற்றத்தைக் குறைக்கும். மலையிலேயே தமிழ் வழியில் தொடர விரும்புவோர், அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியில் 8ஆம் வகுப்புக்குத் தமிழ்ப் பிரிவு உண்டா என்பதை 7ஆம் வகுப்பின் தொடக்கத்திலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் குழந்தையின் பெயர் பதிவேட்டில் இருப்பதும் அவசியம்.