கழுத்து முறிந்தும் களத்தில்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு சைக்கிளில் போய்த் திரும்பினால் சுமார் 140 கி.மீ. 'அயர்ன்மேன்' டிரையத்லானுக்கு இது போதாது. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். எல்லாம் ஒரே நாளில்.

2017 மே மாதம் பிரேசிலில் இதை 7 மணி 40 நிமிடம் 23 விநாடிகளில் முடித்து அயர்ன்மேன் சாதனை படைத்தார் பிரிட்டன் வீரர் டிம் டான். அக்டோபரில், ஹவாய் உலகப் போட்டிக்குச் சில நாள் முன்பு, சைக்கிள் பயிற்சியில் இருந்தவர் மீது வண்டி மோதியது. கழுத்தின் இரண்டாவது எலும்பு முறிந்தது.

அறுவை சிகிச்சையில் எலும்புகளைப் பிணைக்கலாம். ஆனால் கழுத்து பழையபடி திரும்பாது. டான் வலி மிகுந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்: மண்டை ஓட்டில் நான்கு திருகாணிகளால் பொருத்திய உலோக வளையம். அதோடு மூன்று மாதம். தூக்கம்கூட உட்கார்ந்தபடிதான்.

2018 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 49 நிமிடத்தில் ஓடினார். ஜூனில் கோஸ்டா ரிகாவில் பாதித் தூரப் போட்டியில் முதலிடம். அக்டோபரில் அதே ஹவாயில் பந்தயத்தை முழுதாக முடித்தார்.

விபத்துக்குப் பின் பயிற்சிக்குத் திரும்புவோர் கவனிக்க வேண்டியது அவரது வேகத்தை அல்ல, வரிசையை. எலும்பு கூடினாலும், அசையாதிருந்த தசை மெலிந்திருக்கும். டாக்டர் அனுமதித்தபின் முதலில் நடை, பிறகு வீட்டுக்குள் நிலையான சைக்கிள், சாலை கடைசியில்தான். திருமலை மலைப்பாதை எங்கும் போய்விடாது.