கதையின் முடிவு யாருக்குரியது?

பாட்டி சொல்லும் கதையைக் கேட்கும் பிள்ளை, அது எவ்வாறு முடியும் என்பதை அறியாமல் கேட்பதில்லை. நேற்றுங் கேட்ட கதைதான். முந்தாநாளுங் கேட்ட கதைதான். இராசகுமாரி பிழைப்பாள், அரக்கன் அழிவான் என்பதெல்லாம் அதற்கு நன்கு தெரியும். தெரிந்திருந்தும் மூச்சை அடக்கிக் கேட்கின்றது. பாட்டியார் களைப்பினாலோ விளையாட்டாகவோ முடிவைச் சற்றே மாற்றிவிட்டால், "அப்படியில்லை, சரியாகச் சொல்லுங்கோ" என்று எழுந்து உட்கார்ந்துவிடும். தேவதைக் கதை ஒவ்வொன்றினுள்ளும் ஓர் உடன்படிக்கை மறைந்து கிடக்கின்றது. காடு எவ்வளவு கொடியதாயினும் அதைக் கடந்து அப்பால் கொண்டுபோய் விடுவேன் என்று, சொல்பவர் கேட்பவருக்குக் கொடுக்கும் வாக்கு அது.

அந்த வாக்கைக் கொடுத்தவர் பாட்டியார் அல்லர், ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அந்நிறுவனம் வாக்குத் தவறினால் நேயர்கள் என்ன செய்வார்கள்? 1987ஆம் ஆண்டு தொடங்கி 1990 வரை அமெரிக்காவில் சீ.பீ.எஸ். நிறுவனம் ஒளிபரப்பிய 'அழகியும் மிருகமும்' என்ற தொடரின் வரலாறு, இவ்வினாவை ஆராய்வதற்கு நல்லதோர் உதாரணமாகும்.

பழைய கதையும் புதிய நகரமும்

'அழகியும் மிருகமும்' பிரெஞ்சு நாட்டில் எழுதப்பட்ட கதை. 1740ஆம் ஆண்டில் வில்நெவ் அம்மையார் அதனை நீண்ட நவீனமாக எழுதினார். 1756இல் பொமோன் அம்மையார் அதையே சுருக்கி, இளம் பெண்களுக்கு நற்புத்தி புகட்டும் சிறு கதையாக்கினார். உலகெங்கும் பரவியது இந்தச் சுருக்கமே. வணிகர் ஒருவர் தம் இளைய மகள் கேட்டதற்காக ஒரு ரோசாப்பூவைப் பறிக்கின்றார். அந்தத் தோட்டத்திற்கு உடையதோ பயங்கரமான ஒரு மிருகம். தந்தையின் உயிரைக் காக்கும் பொருட்டு மகள் மிருகத்தின் மாளிகைக்குச் செல்கின்றாள். அதன் கோர உருவத்தினுள் ஒரு நல்ல இதயம் இருப்பதை நாளடைவில் உணர்கின்றாள். அவள் அன்பை வாய்விட்டுச் சொன்ன கணத்திலே சாபம் நீங்குகின்றது. மிருகம் அழகிய இளவரசனாகின்றது.

ரொன் கொஸ்லோ என்பவர் இக்கதையை நியூயோர்க் நகருக்குக் கொண்டுவந்தார். அவருடைய கதையில் கதரின் சாண்ட்லர் என்னும் பெண் வசதி படைத்த ஒரு வழக்கறிஞர். வேறொரு பெண்ணென எண்ணிய கயவர்கள் அவரைத் தாக்கி, முகத்தைக் கத்தியாற் கீறி, நகரின் நடுவேயுள்ள பெரிய பூங்காவில் எறிந்துவிட்டுச் செல்கின்றனர். அவரைத் தூக்கிச் சென்று காப்பாற்றுபவன் வின்சென்ற். மனித உடலும் சிங்க முகமும் கொண்ட அவன், நகரத்திற்குக் கீழேயுள்ள சுரங்க வழிகளிலே வாழ்பவன். மேலுலகம் கைவிட்ட ஏழைகளும் அநாதைகளும் அங்கே ஒரு குடும்பம்போல வாழ்கின்றனர். நீர்க்குழாய்களைத் தட்டி எழுப்பும் ஓசையினாலே ஒருவருக்கொருவர் செய்தி அனுப்புகின்றனர். காயமுற்றுக் கண்கள் கட்டப்பட்டுக் கிடக்கும் கதரினுக்கு வின்சென்ற் நூல் படித்துக் காட்டுகின்றான். அவர் மேலே திரும்பிச் சென்ற பின்னரும், அவருடைய அச்சத்தையும் துயரத்தையும் தொலைவிலிருந்தே உணரும் ஆற்றல் அவனுக்கு வாய்க்கின்றது. கதரினும் பழைய சொகுசு வாழ்வைத் துறந்து, குற்றங்களை விசாரித்து வழக்குத் தொடரும் அரசாங்க அலுவலகத்திற் சேர்கின்றார்.

கதரினாக நடித்தவர் லிண்டா ஹமில்டன். சிங்க முகத்தின் பின்னிருந்து கண்களாலும் குரலாலுமே நடித்த ரொன் பேர்ள்மனுக்குக் 'கோல்டன் குளோப்' பரிசு கிடைத்தது. பிற்காலத்தில் 'பனியும் நெருப்பும்' பற்றிய நெடுங்கதையினால் உலகப் புகழ் பெற்ற ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இத்தொடரின் எழுத்தாளருள் ஒருவராக இருந்தார் என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளலாம்.

பழைய கதையிலிருந்து இத்தொடர் ஒரு முக்கிய இடத்தில் விலகியது. இங்கே மிருகம் இளவரசனாக மாறுவதேயில்லை. சாபமுமில்லை, சாப விமோசனமுமில்லை. வின்சென்ற் என்றும் சிங்க முகத்தினனே. ஆகவே கேட்பவருக்கு அளிக்கப்பட்ட வாக்கு முழுவதும் ஒன்றிலேயே தங்கிவிட்டது: உருவம் மாறாவிட்டாலும் இவ்விருவருடைய அன்பு நிலைக்கும் என்ற நம்பிக்கையே அது.

வெள்ளிக்கிழமை இரவுகள்

மிகப் பெருந்தொகையான மக்கள் பார்த்த தொடர் என்று இதனைச் சொல்வதற்கில்லை. ஆயினும் பார்த்தவர்கள் ஆழ்ந்து பார்த்தார்கள். அவர்களுட் பெண்கள் மிகப் பலர். வெள்ளிக்கிழமை இரவுகளிற் கண்டதைப் பற்றி ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினார்கள், சங்கங்கள் அமைத்தார்கள், சிறு செய்தி மடல்களை அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினார்கள். இணையம் வீடுகளுக்கு வராத காலம் அது. ஒரு காட்சியில் இருவரும் கைகோத்து நின்றதன் பொருள் யாது, சொல்லாமல் விட்ட சொல் எது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

ஒளிபரப்பு நிறுவனத்தின் நோக்கமோ வேறாயிருந்தது. ஆண் நேயர்களையும் கவரவேண்டுமாயின் சண்டையும் துரத்தலும் மிகவேண்டும் என்று அது கருதியது. காதற் கதையாகக் கண்டவர் ஒருபுறம். துப்பறியும் வீரக் கதையாக்க விரும்பியவர் மறுபுறம். ஹென்றி ஜென்கின்ஸ் என்ற அமெரிக்க அறிஞர், நேயர்களைப் பற்றி 1992இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் ஓர் அத்தியாயத்தை இத்தொடருக்கே ஒதுக்கி, இந்த இழுபறியை விரிவாக ஆராய்ந்திருக்கின்றார். ஒரே தொடரை இரு சாராரும் இரு வேறு கதை வகையாக எண்ணியதே பின்னர் வந்த பூசலுக்கு மூலகாரணம்.

1989இல் இரண்டாம் பருவம் முடிவுற்றபோது தொடர் நின்றுவிடும் என்ற அச்சம் எழுந்தது. நேயர்கள் வாளாவிருக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் 'ஸ்ரார் ட்ரெக்' தொடரின் அன்பர்கள் செய்தது போலவே, இவர்களும் கடிதங்களைக் குவித்தார்கள். நிறுவனம் இணங்கியது; சுருக்கமான மூன்றாம் பருவம் ஒன்று வரும் என்ற செய்தி கிடைத்தது. தாங்கள் நேசித்த கதையைத் தாங்களே காப்பாற்றிவிட்டோம் என்று நேயர்கள் மகிழ்ந்தார்கள்.

வாக்கு முறிந்த இரவு

இதற்கிடையில் லிண்டா ஹமில்டன் கருவுற்றிருந்தார். தொடரை விட்டு விலகவும் விரும்பினார். கதாநாயகி இல்லாமற் கதை எவ்வாறு நடக்கும்? தயாரிப்பாளர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 1989 டிசம்பரிலே மூன்றாம் பருவத்தின் முதற்காட்சி ஒளிபரப்பாகியது. அதிலே கேபிரியேல் என்னும் கொடியவன் கதரினைச் சிறைப்படுத்துகின்றான். கதரினின் துயரை உணரும் ஆற்றலை வின்சென்ற் அப்போது இழந்து நிற்கின்றான். ஆதலின் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க அவனால் இயலவில்லை. சிறையிலே கதரின் வின்சென்றின் குழந்தையைப் பெறுகின்றார். பகைவர் குழந்தையைக் கவர்ந்துகொண்டு தாய்க்கு நஞ்சூட்டிவிடுகின்றனர். வின்சென்ற் வந்து சேரும்போது காலங் கடந்துவிட்டது. அவனுடைய கைகளிலேயே கதரின் உயிர் பிரிகின்றது. அதன் பின்னர் தொடர் பழிவாங்கும் கதையாகவும் குழந்தையைத் தேடும் கதையாகவும் மாறியது. டயானா பென்னெற் என்ற புதிய பெண் பாத்திரமும் வந்து சேர்ந்தது.

நேயர்கள் இரண்டாகப் பிரிந்தனர். ஒரு சாரார் இதனை ஏற்க அடியோடு மறுத்தனர். "கதரின் இறக்கவில்லை, இரண்டாம் பருவத்தோடு எங்கள் கதை நின்றது" என்பது அவர்கள் கொள்கை. கடிதம் எழுதித் தொடரை மீட்டது, அதன் உயிரை இப்படிப் பறிப்பதற்காகவா என்பது அவர்கள் மனத்தாங்கல். மற்றைச் சாரார் துயரத்தோடு ஏற்றுக்கொண்டனர். அன்புக்குரியவரை இழந்த பின்னும் வாழ்வது எப்படி என்பதையும் ஒரு கதை சொல்லத்தான் வேண்டும். வின்சென்ற் குழந்தையைத் தேடுவதும் அன்பின் தொடர்ச்சியே என்று அவர்கள் வாதாடினர். நெடுநாள் நண்பர்கள் இவ்விடயத்திற் பேச்சை நிறுத்திக்கொண்டதும் உண்டு. பார்ப்போர் தொகையும் வீழ்ந்தது. 1990இல் தொடர் நின்றுவிட்டது.

சிறுபிள்ளைத்தனமா?

கற்பனைப் பெண் ஒருத்தி இறந்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிரித்தவர்கள் அந்நாளில் இருந்தார்கள், இன்றும் இருப்பார்கள். ஆனால் இது புதிய வழக்கமன்று. 1893இல் கொனன் டொயில் என்னும் ஆங்கில எழுத்தாளர் துப்பறியும் நிபுணர் ஷெர்லொக் ஹோம்ஸை ஒரு மலையருவியில் வீழ்த்திக் கதையை முடித்தார். வாசகர்கள் விடவில்லை. பத்தாண்டு கழித்து, 1903இல், ஹோம்ஸ் உயிருடன் திரும்பிவந்தார். அருவியில் வீழ்ந்தவரின் உடலை எவருங் கண்டிலர். ஆதலால் டொயிலுக்குத் தப்பும் வழியொன்று இருந்தது. கதரினோ அனைவரும் பார்க்க வின்சென்றின் மடியில் இறந்தவர். அவரைத் தாங்கிய நடிகையும் விலகிவிட்டார். திரும்பும் வழி அடைபட்டுவிட்டது.

தயாரிப்பாளர் பக்கத்து நியாயத்தையும் நாம் மறத்தலாகாது. நடிகை போய்விட்டார், தொடரோ நடக்கவேண்டும். வேறொருவரைக் கதரினாக நிறுத்தியிருந்தாலும் நேயர்கள் பொறுத்திருப்பார்களா என்பது ஐயமே. துயர முடிவு கதைக்கு இழுக்கென்று சொல்வாருமிலர். உலகின் பேரிலக்கியங்கள் பல துயரத்திலேயே முடிகின்றன.

பின்னர் குறை எங்கே? துயரம் வந்ததிலன்று, வந்த விதத்திலே என்று நாம் கருதுகின்றோம். அவலக் கதை தொடங்கும்போதே தன் இயல்பை உணர்த்திவிடும். கேட்பவர் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு உடன் செல்வர். தேவதைக் கதை தரும் வாக்கு வேறு. அதனை இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் புதுப்பித்துவிட்டு, வெளிக் காரணம் ஒன்றினால் ஒரே இரவில் மறுத்துரைத்தால், நேயர் ஏமாற்றப்பட்டதாக உணர்வது இயற்கையே. ஆகவே அவர்களுடைய கோபத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கதையைக் கூர்ந்து கேட்டவருக்கே அது முறிந்த இடமும் புலப்படும்.

கடிதத்திலிருந்து கதைக்கு

ஆனால் இந்த நேயர்கள் கோபத்தோடு நின்றுவிடவில்லை என்பதே நாம் கருத்திற் கொள்ளவேண்டியது. அவர்கள் எழுதத் தொடங்கினார்கள். இல்லத்தரசிகளும் அலுவலகப் பெண்களும் மாணவியரும் இரவில் விழித்திருந்து, கதரின் உயிர் தப்பிய கதைகளை எழுதினார்கள். குழந்தையோடு மூவரும் சுரங்க வழிகளிலே வாழும் காட்சிகளைப் புனைந்தார்கள். மூன்றாம் பருவத்தை ஏற்றவர்களும் வின்சென்றின் பிற்கால வாழ்வைத் தம் போக்கில் எழுதினார்கள். அவற்றைத் தட்டச்சுச் செய்து, பிரதியெடுத்து, தைத்து, விலை கருதாது பரிமாறிக்கொண்டார்கள். தொடர் நின்று பல ஆண்டுகள் சென்ற பின்னும் அன்பர் ஒன்றுகூடல்கள் நடந்தேறின.

இது திருட்டா, உரிமையா என்று சட்டம் ஆராயட்டும். கதையின் வரலாறோ அவர்கள் பக்கமே சாய்கின்றது. வில்நெவ் அம்மையாரின் நெடுங்கதையைப் பொமோன் அம்மையார் வேண்டியவாறு வெட்டிச் சுருக்கினார். 1946இல் ஷான் கொக்தோ என்ற பிரெஞ்சுக் கவிஞர் அதைத் திரைப்படமாக்கித் தமக்கு வேண்டியதைச் சேர்த்தார். கொஸ்லோ இளவரசனை நீக்கினார். 2012 முதல் 2016 வரை அதே பெயரில் வந்த மற்றொரு தொடர் சிங்க முகத்தையே நீக்கிவிட்டது. இவர்கள் யாவரும், முன்னர் கேட்ட கதை தம் நெஞ்சிற்கு நிறைவு தராதபோது, மாற்றிச் சொன்னவர்களே. பெயர் தெரியாத அந்தப் பெண்கள் செய்ததும் இதுதான். அவர்களுக்குப் பின்னால் நிறுவனமோ பணமோ இருக்கவில்லை என்பதே வேறுபாடு.

நம் வீடுகளிலும் தொலைக்காட்சிப் பெட்டி கதை சொல்லும் வேலையை ஏற்றுக்கொண்டு நெடுநாளாகிவிட்டது. பாட்டியாரைப் போல அது பிள்ளையின் மறுப்பைக் கேட்டு நிறுத்துவதில்லை. ஆதலால் பார்த்து முடித்தபின், "இது சரியான முடிவா? நீயாக இருந்தால் எப்படி முடிப்பாய்?" என்று பிள்ளைகளிடம் கேட்கும் பொறுப்புப் பெரியோரைச் சார்ந்தது. அவர்கள் சொல்லும் விடையைப் பொறுமையோடு கேளுங்கள். இயலுமாயின் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். கதையை முதலிற் சொல்லும் உரிமை ஆக்கியோனுக்கு உண்டு. அதை மறுபடி சொல்லும் உரிமையோ, உள்ளன்போடு கேட்ட ஒவ்வொருவருக்கும் உரியது.