ஒற்றை வேக மிதிவண்டிச் சங்கிலி

பல கியர் கொண்ட மிதிவண்டியை ஒரே கியருக்கு மாற்றும்போது, அதற்கேற்ற சங்கிலியைப் பற்சக்கரங்களின் தடிமனே தீர்மானிக்கிறது. மிதிவண்டிச் சங்கிலிகளில் கண்ணிகளின் இடைவெளி பொதுவாக 12.7 மி.மீ. (அரை அங்குலம்); உள் அகலம்தான் வேறுபடும்.

அகலம்

5 முதல் 8 கியர் வரையுள்ள பின் அடுக்குகளுக்கு 3/32 அங்குலச் சங்கிலியும், ஒற்றை வேக வண்டிகளுக்குப் பெரும்பாலும் 1/8 அங்குலச் சங்கிலியும் பயன்படுகின்றன. அகலமான சங்கிலி மெல்லிய பற்களிலும் ஓடும். குறுகிய சங்கிலி தடித்த பற்களில் அமராது. எனவே முன், பின் சக்கரங்களில் ஒன்று தடித்ததானாலும் 1/8 அங்குலச் சங்கிலியே தேவை. இரண்டும் மெல்லியவையானால் 3/32 போதும்.

இறுக்கம்

கியர் மாற்றியை நீக்கியபின் சங்கிலியின் தளர்வை ஈர்த்துக்கொள்ள எதுவும் இருக்காது. பின்சக்கர அச்சு பொருந்தும் பிளவு கிடையாக இருந்தால் சக்கரத்தைப் பின்தள்ளி இறுக்கலாம். செங்குத்தாக இருந்தால் இறுக்கி பொருத்த வேண்டும். இரு பற்சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் சங்கிலி கழலக்கூடும். பின்னோக்கி மிதித்துப் பிரேக் பிடிக்கும் வண்டியில் சங்கிலி கழன்றால் அந்தப் பிரேக்கும் இயங்காது.

தேய்மானம்

புதிய சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளம் 304.8 மி.மீ. இது ஏறத்தாழ 1.5 மி.மீ. கூடினால் சங்கிலியை மாற்றுவது நல்லது. தேய்ந்த சங்கிலி புதிய பற்களையும் விரைவில் தேய்த்துவிடும்.