அணையாத சிவப்பு விளக்கு: டைனமோவைக் கழற்ற முன்னர் பார்க்க வேண்டியவை

பெரியப்பாவின் மொரிஸ் மைனரில் சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும் அது அணைய வேண்டும். போன வருடம் ஒருநாள் அது அணையவில்லை. கராஜில் "டைனமோ போயிட்டுது" என்றார்கள். கழற்றி, புதிதாகக் கம்பி சுற்றி, காசும் வாங்கிக்கொண்டு திரும்பப் பூட்டித் தந்தார்கள். அப்போதும் விளக்கு அணையவில்லை. பற்றரி இரண்டு நாளில் இறங்கியது. கலியாண வாடகைக்கு ஓடுகிற கார் அது. தை மாதத்துக்கு முற்பணமும் வாங்கியாயிற்று.

"நீ படிச்ச பிள்ளைதானே, உந்தப் படத்தைப் பாத்துச் சொல்லு" என்று பழைய வயரிங் படத்தை என் கையில் தந்தார் பெரியப்பா. நான் படித்தது ஊடகக் கற்கை. ஆனாலும் ஒரு கிழமை அந்தப் படத்தோடு இருந்ததில் ஒன்று விளங்கியது: அந்த விளக்கு சார்ஜை அளப்பதில்லை.

விளக்கின் ஒரு முனைக்குச் சாவி வழியாகப் பற்றரியின் மின் வருகிறது. மறுமுனை டைனமோவின் 'டி' முனைக்குப் போகிறது. எஞ்சின் நிற்கும்போது டைனமோவின் சுருளூடாக மின் காரின் உடலுக்கு இறங்குவதால் விளக்கு எரிகிறது. டைனமோ சுழன்று பற்றரிக்குச் சமமான அழுத்தத்தை எட்டியதும் இரு முனையும் சமனாகி விளக்கு அணைகிறது. கயிறிழுத்தலில் இரு பக்கமும் ஒரே பலத்தோடு இழுத்தால் கயிறு அசையாமல் நிற்பது போலத்தான்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கு டைனமோ புதிதல்ல. ஆனால் சைக்கிள் டைனமோவில் இருப்பது நிரந்தரக் காந்தம். கார் டைனமோ தன் காந்தத்தைத் தானே வளர்த்துக்கொள்கிறது. இரும்பில் மிச்சமிருக்கும் சிறு காந்தத்தால் கொஞ்ச மின் பிறக்கும். அந்த மின் காந்தத்தைக் கூட்டும். கூடிய காந்தம் மேலும் மின் தரும். அந்த முதல் சிறு மின்னே எங்காவது உடலில் ஒழுகிவிட்டால், எவ்வளவு நல்ல டைனமோவும் எழும்பாது. எங்கள் கதையின் முடிச்சு இங்கேதான் இருந்தது.

டைனமோவைக் கழற்றாமலே அது நல்லதா என்று பார்க்கலாம். எஞ்சினை நிறுத்தி, அதன் 'டி', 'எஃப்' முனைகளில் உள்ள இரண்டு வயரையும் எடுத்துவிட்டு, அந்த இரு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைக்க வேண்டும். வோல்ட் மீற்றரின் ஒரு முனையை அதிலும் மற்றதை உடலிலும் வைத்து, எஞ்சினை மெதுவாக ஓட்டி, வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் மீற்றர் விரைவாக ஏற வேண்டும். 20 வோல்ட்டை நெருங்கினால் போதும். அதற்கு மேல் முடுக்கக்கூடாது. எங்களுடையது தடையில்லாமல் ஏறியது. கம்பி சுற்ற முன்னரும் அது ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அடுத்து, எஞ்சினை நிறுத்தி, 'டி', 'எஃப்' வயர்கள் இரண்டையும் டைனமோவிலிருந்து எடுத்த நிலையிலேயே சாவியை மட்டும் போட்டுப் பார்த்தோம். விளக்கு பிரகாசமாக எரியக்கூடாது. அப்படி எரிந்தால் வயர் எங்கோ உடலைத் தொடுகிறது. எங்களுக்கு எரிந்தது. (எரியாவிட்டால் 'டி' வயரின் நுனியை எஞ்சினில் தொட்டுப் பார்க்கலாம். அப்போது எரிந்தால் விளக்கும் வயரும் நல்லவை; டைனமோவின் கார்பன் பிரஷ்களைப் பார்க்க வேண்டும்.)

வயரைத் தேடுவதுதான் பெரிய பாடு. படத்தின்படி அது மஞ்சள் கோடு போட்ட மண்ணிற வயர். பெரியப்பாவின் காரில் அப்படியொன்று இல்லவே இல்லை. மண்ணெண்ணெயில் கார் ஓடிய அந்த வருடங்களில் எந்த வயர் கையில் கிடைத்ததோ அதைத்தான் போட்டார்கள். வீட்டு வயரிங் கம்பி கூட இருந்தது. அதனால் இங்குள்ள பழைய கார்களில் நிறத்தை நம்பாமல், கட்டவுட் பெட்டியில் பொறித்த எழுத்துகளைப் பார்த்து ஒவ்வொரு வயராகப் பின்தொடர்வதே நல்லது. அந்தப் பெட்டியின் 'ஏ' முனையில் சாவி போடாமலே மின் இருக்கும்; முதலில் பற்றரியின் உடல் வயரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

வேறு அறிகுறிகளும் உண்டு. வேகத்தில் ஓடும்போது விளக்கு மங்கலாக எரிந்தால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்தோ பாசி பிடித்தோ இருக்கிறது. சாவியை எடுத்த பிறகும் எரிந்தால் கட்டவுட்டின் தொடுமுனைகள் ஒட்டிப்போயிருக்கலாம். உடனே பற்றரியைக் கழற்றுங்கள். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் பூட்டிய காரென்றால், பல்ப் எரிந்துபோனாலே சார்ஜ் தொடங்காமல் போகலாம். ஏனெனில் பெரும்பாலும் அதன் காந்தத்துக்கு முதல் மின்னைக் கொடுப்பதே அந்த விளக்குத்தான்.

பெட்டியின் 'டி' முனையிலிருந்து விளக்குக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றி, மற்ற வயர்களைத் திரும்பப் பூட்டி, எஞ்சினை ஓட்டினோம். டைனமோ உடனே சார்ஜ் கொடுத்தது. எஞ்சின் பக்கத்திலிருந்து டாஷ்போர்டுக்கு வயர் நுழையும் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் பொடிந்து விழுந்திருந்தது. தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுத்திருந்தது. ஒரு முழ வயரும் புது ரப்பர் வளையமும் போட்டோம். கம்பி சுற்றிய கூலியைப் பற்றிப் பெரியப்பா அதன்பிறகு ஒன்றும் பேசவில்லை. முற்பணம் தந்தவர்களுக்குத்தான் முதலில் கோல் எடுத்தார்.